மனித மேம்பாடும் குடும்ப அறிவியலும்: டெல்டா வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ முடிவு வந்ததும் எனக்கு வரத் தொடங்கும் போன்கள் கல்லூரி திறக்கும்வரை ஓயாது. கோயம்புத்தூரில் இந்தப் படிப்பை முடித்துவிட்டு இப்போது திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கம் பள்ளிகளுக்குப் போய்வரும் வேலையில் இருக்கிறேன். கேட்கிற ஆள்தான் மாறுகிறார், சந்தேகம் அதேதான். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

“அக்கா, இது சமையல், தையல் சொல்லிக்குடுக்கிற படிப்புதானே?”

இல்லை. ஆனால் அப்படி நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. நம் நாட்டில் இந்தத் துறை மனையியலுக்குள்தான் வளர்ந்தது. டெல்லியில் லேடி இர்வின் கல்லூரி 1932-இல் வந்தது, கோவையில் அவினாசிலிங்கம் கல்லூரி 1957-இல். மனையியலில் உணவும் சத்தும் ஒரு பிரிவு, துணியும் ஆடையும் ஒரு பிரிவு, வீட்டு வள நிர்வாகம் ஒரு பிரிவு, விரிவாக்கக் கல்வி ஒரு பிரிவு. மனித மேம்பாடு இன்னொரு பிரிவு. வேளாண் பல்கலைக்கழகங்களில் மனையியல் பட்டத்தின் பெயரையே கம்யூனிட்டி சயின்ஸ் என்று மாற்றிவிட்டார்கள்.

கருவில் இருக்கும் நாள் தொட்டு முதுமை வரை ஒரு மனிதர் எப்படி வளர்கிறார், அந்த வளர்ச்சியில் குடும்பம் என்ன செய்கிறது என்பதுதான் இங்கே பாடம். முதலாண்டில் பொதுப் பாடமாகச் சத்துணவு பற்றி ஒரு தாள் வரலாம். அதற்காகப் பயந்து ஓட வேண்டாம்.

“அப்ப சைக்காலஜி, எம்எஸ்டபிள்யூ இதுக்கெல்லாம் என்ன வித்தியாசம்?”

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் திடீரென்று பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். உளவியல் படித்தவர் அவனுடைய பயம், தூக்கம், கற்றலில் உள்ள சிக்கல் என்று அவனுக்குள் பார்ப்பார். சமூகப்பணி படித்தவர் எந்தத் திட்டத்தில் சேர்க்கலாம், எந்த அலுவலரைப் பிடிக்கலாம் என்று பார்ப்பார். நம் ஆள், இந்த வயதில் ஒரு பையனுக்கு என்ன தேவை, வீட்டில் சமீபத்தில் என்ன மாறியது என்று கேட்பார். அப்பா துபாயிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்திருக்கலாம். அக்கா கல்யாணக் கடனுக்காக அம்மா விடிகாலையிலேயே நடவுக்குப் போய்விடலாம். தம்பியைப் பள்ளிக்குக் கிளப்ப ஆளில்லாமல் இவன் வீட்டிலேயே நின்றிருக்கலாம்.

நடைமுறையில் மூன்றும் பாதிக்குப் பாதி ஒன்றின் மேல் ஒன்று விழும். வேலைக்குப் போன பிறகு மூன்று பேரும் ஒரே மேசையில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

“குடும்பத்தைப் பத்தி காசு கட்டிப் படிக்கணுமா? எங்க வீட்டுல ஒம்போது பேரு இருக்கோம், எங்களுக்குத் தெரியாததா?”

கபிஸ்தலம் பக்கம் ஒரு பெரியவர் கேட்ட கேள்வி. ஒன்பது பேர் உள்ள வீடு பெரிய அனுபவம்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அது ஒரு வீடு. அடுத்த தெருவில் வேறு சாதி, வேறு தொழில், வேறு வரவு செலவு. அங்கே பிள்ளை வளர்ப்பது வேறு மாதிரி. நம் வீட்டு வழக்கம்தான் உலக வழக்கம் என்று நினைப்பதுதான் இந்தப் படிப்பில் முதலில் உடைகிறது.

“பாடத்துல என்னென்னதான் வரும்?”

குழந்தை வளர்ச்சி, வளரிளம் பருவம், முதுமை, திருமணமும் குடும்ப உறவுகளும், சிறப்புத் தேவை உள்ள குழந்தைகள், முன்பருவக் கல்வி (பள்ளி வயதுக்கு முன்), ஆய்வு முறை, புள்ளியியல், சட்டம். பியாஜே, வைகாட்ஸ்கி, எரிக்சன், பவுல்பி என்று மனித வளர்ச்சியை ஆராய்ந்தவர்களின் பெயர்கள் வரும். எரிக்சன் மனித வாழ்வை எட்டுக் கட்டங்களாகப் பிரித்தவர். அதை மனப்பாடம் செய்து ஒப்பிப்பவர்கள் தேர்வில் தேறுவார்கள், களத்தில் திணறுவார்கள். புள்ளியியல் தாளில் அரியர் வைப்பவர்கள் எல்லாக் கல்லூரியிலும் உண்டு. கணக்கு வராதவர்கள் முதல் வாரத்திலிருந்தே அதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

“வயசானவங்களும் இதுல வருவாங்களா? குழந்தைங்க மட்டும்னு நெனச்சேன்.”

வருவார்கள். டெல்டாவில் இனிமேல் அதுதான் பெரிய வேலையாக இருக்கும் என்பது என் எண்ணம். கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் பக்கம் தலைமுறை தலைமுறையாக ஆண்கள் கடல் கடந்து சம்பாதிக்கிறார்கள். மற்ற ஊர்களில் பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்டார்கள். மாடிவீடு கட்டி, திண்ணைக்குக் கம்பி போட்டு, உள்ளே இரண்டு வயதானவர்கள் மட்டும் இருக்கும் தெருக்கள் எத்தனையோ.

2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் உங்கள் பாடத்தில் வரும். பராமரிக்காத பிள்ளைகள் மீது கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களிலும் பெரும்பாலோர் கொடுப்பதில்லை. ஏன் கொடுப்பதில்லை என்பது சட்டப் புத்தகத்தில் இருக்காது. அது நம் பாடம். முதியோருக்கான உதவி எண் 14567. குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

“தஞ்சாவூர் திருவாரூர் பக்கத்துலயே படிக்க முடியுமா?”

இளங்கலையில் மனித மேம்பாடு என்றே தனிப் பட்டம் வேண்டுமானால் ஊரை விட்டுப் போக வேண்டியிருக்கும். பெண்களுக்குக் கோவை அவினாசிலிங்கம் முதலில் வரும் பெயர். வட இந்தியாவுக்குப் போகத் துணிந்தால் டெல்லி லேடி இர்வினும் பரோடா எம்.எஸ். பல்கலைக்கழகமும் இந்தத் துறையில் பழைய, நல்ல பெயர் எடுத்த இடங்கள்.

வெளியூர் அனுப்ப மாட்டோம் என்கிற வீடுகளுக்கு நான் சொல்லும் வழி வேறு. உள்ளூரிலேயே உளவியல், சமூகவியல், சமூகப்பணி, மனையியல் என எது கிடைக்கிறதோ அதில் இளங்கலை முடியுங்கள். முதுகலையில் இந்தப் பக்கம் திரும்பலாம். நீலக்குடியில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்தில் சமூகப்பணியும் பயன்பாட்டு உளவியலும் உண்டு. திருச்சி ஹோலி கிராஸ் கல்லூரியில் மறுவாழ்வு அறிவியல் என்றே ஒரு துறை இருக்கிறது. சிறப்புத் தேவை உள்ள குழந்தைகளோடு வேலை செய்ய விருப்பமுள்ளவர்கள் அதைக் கட்டாயம் விசாரியுங்கள். ஆண்டுக்கு ஆண்டு பாடப்பிரிவுகள் மாறும் என்பதால் அந்த ஆண்டுச் சேர்க்கைக் கையேட்டைப் பார்க்காமல் யார் பேச்சையும் நம்பாதீர்கள், என் பேச்சையும் சேர்த்துத்தான்.

“நீட் மாதிரி ஏதாவது எழுதணுமா?”

நீட் கிடையாது. மாநிலக் கல்லூரிகளில் பிளஸ் டூ மதிப்பெண்தான். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதற்குப் பிளஸ் டூ முடிவு வரும் முன்பே விண்ணப்பித்திருக்க வேண்டும். ஜூன் மாதம் வந்து கேட்டால் நான் ஒன்றும் செய்ய முடியாது.

“ஆம்பளப் பையன் இதைப் படிச்சா சிரிக்க மாட்டாங்களா?”

சிரிப்பார்கள், முதல் ஆறு மாதம். அவினாசிலிங்கம், லேடி இர்வின் இரண்டும் பெண்கள் கல்லூரிகள் என்பதால் இடம் கிடைப்பதும் கொஞ்சம் கடினம். பரோடா, திண்டுக்கல் பக்கத்துக் காந்திகிராமப் பல்கலைக்கழகம், நீலக்குடி எல்லாம் இருபாலருக்கும் உரியவை. ஒன்று சொல்கிறேன்: களத்தில் ஆண்களுக்குப் பெரிய தேவை இருக்கிறது. குடிக்கிற அப்பா, வேலையிழந்து திரும்பிய அண்ணன், பதினாறு வயதுப் பையன் இவர்கள் ஒரு பெண் பணியாளரிடம் வாய் திறப்பதே இல்லை. டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து பேச ஓர் ஆள் வேண்டும்.

“தமிழ் மீடியம் பொண்ணு. இங்கிலீஷ் புத்தகமெல்லாம் சமாளிப்பாளா?”

முதல் ஆண்டு கஷ்டப்படுவாள். நல்ல பாடநூல்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. கல்லூரி ஆசிரியராக ஆசைப்பட்டால் நெட் தேர்வில் மனையியல் தாளையும் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத வேண்டும், தமிழ் கிடையாது. அதனால் ஆங்கிலத்தைத் தள்ளிப்போட வழியில்லை.

அதே பெண் களத்துக்கு வந்தால் கதையே வேறு. கான்வென்டில் படித்த பிள்ளைகள் தொண்டை அடைத்து நிற்கிற இடத்தில் இவள் “என்னாயி, நாத்து பறிச்சாச்சா?” என்று தொடங்கிவிடுவாள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். விண்ணப்பத்தைக் கல்லூரி வழியாகத்தான் போட வேண்டும், மறக்காமல் கேளுங்கள்.

“களப்பணின்னு ஊருக்குள்ள அனுப்புறாங்களாமே, அங்க என்ன பண்ணுவாங்க?”

முதலில் அங்கன்வாடியில் ஒரு மூலையில் உட்கார்ந்து பார்க்கச் சொல்வார்கள், அவ்வளவுதான். ஒரு குழந்தையைத் தேர்ந்தெடுத்து, குறிப்பிட்ட நிமிடங்களுக்கு அது செய்வதை எல்லாம் எழுத வேண்டும். எளிதான வேலை என்று நினைத்துத்தான் எல்லோரும் போவார்கள். “மூன்று வயதுப் பையன். பிடிவாதக்காரன். கோபத்தில் பொம்மையை எறிந்தான்” என்று எழுதிக்கொண்டு வருவார்கள். ஆசிரியர் பிடிவாதத்தையும் கோபத்தையும் சிவப்பு மையால் அடிப்பார். நீங்கள் பார்த்தது என்ன? “பக்கத்துக் குழந்தை லாரி பொம்மையை இழுத்தது. இவன் விடவில்லை. இரண்டு முறை ‘என்து’ என்றான். டீச்சரைத் திரும்பிப் பார்த்தான். டீச்சர் முட்டை உரித்துக்கொண்டிருந்தார். பொம்மையைக் கீழே போட்டான்.” இப்படி எழுதினால்தான் அந்த எறிதலுக்கு முன்னால் ஒரு பார்வை இருந்தது தெரியவரும். யாராவது வருவார்களா என்று பார்த்திருக்கிறான், வரவில்லை. இந்தப் பழக்கம் கைவர ஒரு பருவம் முழுக்க ஆகும். இந்தப் படிப்பிலேயே எனக்கு ஆகப் பிடித்தது அதுதான்.

அப்புறம் குடும்ப வரைபடம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், திருமணத்துக்கு ஒரு கோடு, சொந்தத்துக்குள் திருமணம் என்றால் இரட்டைக் கோடு. பாடநூலில் உள்ள மாதிரிப் படம் மேலிருந்து கீழாக அழகாகக் கிளை பிரியும். நம் ஊரில் ஒரு வீட்டுக்குப் போய் வரைந்து பாருங்கள். அக்கா மகளைக் கட்டியவர் அந்தப் பெண்ணுக்குத் தாய்மாமனாகவும் இருக்கிறார், கணவராகவும் இருக்கிறார். அவரை இரண்டு இடத்தில் போடுவதா, ஒரு கோட்டை வளைத்து இழுப்பதா? ஏ4 தாள் போதாமல் சார்ட் பேப்பர் கேட்பார்கள். வரைந்து முடிப்பதற்குள் அந்த வீட்டு அப்பாயி பக்கத்தில் உட்கார்ந்து, விட்டுப்போனவர்களை எல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். உண்மையான தகவல் அப்போதுதான் வரும்.

“புத்தகத்துல எல்லாம் அமெரிக்கக் குடும்பம்தானே இருக்கு? நம்ம ஊருக்கு அது ஒத்துவருமா?”

நல்ல மாணவர்கள் மூன்றாம் பருவத்தில் கேட்கும் கேள்வி இது. சிலது ஒத்துவராது. குடும்பத்தை ஆராய்ந்த ஈவ்லின் டுவால் அதற்கு எட்டுப் பருவங்கள் சொன்னார்: திருமணம், முதல் குழந்தை என்று போய், பிள்ளைகள் வீட்டை விட்டுப் போகும் கட்டம், பிறகு பெற்றோர் தனியாக இருக்கும் கட்டம். மூத்த மகன் மனைவியோடு முன்கட்டில், கல்யாணமாகாத இளையவன் திண்ணையில், பேறுகாலத்துக்கு வந்த மகள் உள்ளறையில் என்று ஒரு வீடு இருந்தால் அது எந்தப் பருவம்? உளவியலாளர் மேரி எயின்ஸ்வொர்த் தாய்க்கும் குழந்தைக்கும் உள்ள பிணைப்பைப் பார்க்க ஒரு சோதனை வைத்தார். அதில் தாய் அறையை விட்டு வெளியே போவார், அந்நியர் ஒருவர் உள்ளே இருப்பார், குழந்தை என்ன செய்கிறது என்று குறிப்பார்கள். பிறந்ததிலிருந்து அத்தை, சித்தி, எதிர்வீட்டு ஆயா என்று இடுப்பு மாறி மாறி வளர்ந்த குழந்தை அந்த அறையில் வேறு மாதிரித்தான் நடந்துகொள்ளும். ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும்: எயின்ஸ்வொர்த் தம் வேலையை அமெரிக்காவில் தொடங்கவில்லை. 1950-களில் உகாண்டாவின் கிராம வீடுகளில் உட்கார்ந்து பார்த்துத்தான் தொடங்கினார்.

சிலது நம் ஊருக்கென்றே எழுதியது போலப் பொருந்தும். உளவியலாளர் யூரி பிரான்ஃபென்பிரன்னர் குழந்தையைச் சுற்றி வட்டம் வட்டமாகச் சூழல் இருப்பதாகச் சொன்னார். குழந்தை நேரில் போகாத இடங்களும் அதன் வாழ்க்கையை மாற்றும் என்பது அதில் ஒரு வட்டம். மன்னார்குடி பக்கத்து விவசாயக் கூலி வீட்டுக் குழந்தை மேட்டூர் அணையைப் பார்த்ததே இல்லை. ஆனால் ஜூன் 12-ஆம் தேதி அணை திறக்காவிட்டால் குறுவை போகிறது, நடவு வேலை போகிறது, அப்பா திருப்பூர் பஸ் ஏறுகிறார். குழந்தை அம்மாச்சி வீட்டுக்குப் போகிறது, பள்ளிக்கூடம் மாறுகிறது. காலம் என்பதையும் அவர் ஒரு சூழலாகச் சேர்த்தார். 2004 சுனாமியின்போது நாகப்பட்டினம் கடற்கரையில் ஐந்து வயதாக இருந்தவருக்கும் அந்த ஆண்டு பிறந்தவருக்கும் குழந்தைப் பருவம் ஒன்றாக இருக்க முடியாது.

நம் மண்ணைப் பற்றி எழுதியவர்களும் இருக்கிறார்கள். மானிடவியலாளர் கேத்லீன் காஃப் 1950-களின் தொடக்கத்தில் தஞ்சாவூர் மாவட்டத்தில் கும்பாப்பேட்டை என்ற ஊரிலும், சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் 1960-களின் தொடக்கத்தில் ஸ்ரீபுரம் என்ற ஊரிலும் தங்கி ஆராய்ந்தார்கள். அக்ரகாரம், குடியானத் தெரு, சேரி என்று பிரிந்திருந்த ஊரில் உறவும் நிலமும் எப்படிப் பின்னியிருந்தன என்று அவர்கள் எழுதியதைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம். இந்த ஊர்களை வரைபடத்தில் தேடாதீர்கள்; காரணம் பின்னால் வருகிறது.

“சொந்தத்துல கட்டுறதைத் தப்புன்னு வகுப்புல சொல்வாங்களாமே?”

தப்பு, சரி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கால்வாசிக்கும் மேலான திருமணங்கள் சொந்தத்துக்குள்தான். நெருங்கிய ரத்த உறவில் மணந்தால் சில மரபுவழி நோய்கள் குழந்தைக்கு வரும் வாய்ப்பு கூடும், அது உயிரியல். நிலம் பிரியாது, பெண் தெரிந்த வீட்டுக்குப் போகிறாள், மாமியாரே அத்தை என்பதால் கொஞ்சம் பரிவு இருக்கும் என்று வீடுகள் நினைக்கின்றன, அது சமூகவியல். அந்தப் பரிவு உண்மையிலேயே கிடைக்கிறதா என்று போய்க் கேட்பது நம் வேலை. எனக்குக் கிடைத்த பதில்கள் வீட்டுக்கு வீடு வேறாக இருந்தன.

“சரி, வேலை கிடைக்குமா?”

இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள், நான்தான் பின்னால் போட்டேன். மூன்றாண்டுப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு உடனே நல்ல சம்பளம் எதிர்பார்க்காதீர்கள். முன்பருவப் பள்ளிகள், தொண்டு நிறுவனங்கள், திட்ட உதவியாளர் பணி என்று தொடங்கும். ஒப்பந்த வேலைதான் அதிகம்.

முதுகலை முடித்தால் கதவுகள் கூடும். 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் திட்ட அலுவலர் பணி, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம், குழந்தைகளின் குறைபாட்டைச் சிறு வயதிலேயே கண்டறியும் மாவட்ட இடையீட்டு மையம், குடும்ப நீதிமன்ற ஆலோசகர் பணி. அரசுப் பணி அறிவிப்புகளில் எந்தப் பட்டம் என்று எழுத்துக்கு எழுத்து பார்ப்பார்கள். உங்கள் சான்றிதழில் உள்ள பட்டப் பெயர் அந்தப் பட்டியலில் இல்லையென்றால் இணையான பட்டம் என்ற அரசாணையைத் தேட வேண்டியிருக்கும். சேரும் முன்பே இதைப் பாருங்கள். சிறப்புக் கல்வியில் பி.எட். சேர்த்துக்கொள்பவர்கள் வேலையில்லாமல் நின்று நான் பார்த்ததில்லை.

“முடிச்சதும் கும்பகோணத்துல ஒரு கவுன்சலிங் சென்டர் போட்டுடலாமா?”

வாடகைக்கு இடம் பிடித்துவிட்டுத்தான் இதைக் கேட்கிறார்கள். மருத்துவ உளவியலாளர் என்று பலகை போடுவதற்கு இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு வேண்டும். அது 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. உங்கள் பட்டம் அதைத் தராது. ஆலோசகர்களை ஒழுங்குபடுத்த 2021-இல் துணை மருத்துவத் தொழில்களுக்கான ஒரு சட்டமும் வந்திருக்கிறது. பெற்றோருக்கான வகுப்பு, திருமணத்துக்கு முந்தைய ஆலோசனை, முன்பருவக் கல்வி என்று உங்களுக்குத் தெரிந்ததைச் செய்யலாம். மனநோய், தற்கொலை எண்ணம் என்று தெரிந்தால் மருத்துவரிடம் அனுப்புங்கள். இரவு நேரமாக இருந்தால் 14416-க்கு அழைக்கச் சொல்லுங்கள். அந்த உதவி எண்ணில் எந்நேரமும் ஆள் உண்டு.

“எங்க சொந்தக்காரங்க வீட்டையே வச்சு ப்ராஜெக்ட் எழுதிடலாமா? ஈஸியா இருக்குமே.”

ஈஸியாகத் தொடங்கி, கல்யாண வீட்டில் பேச்சில்லாமல் முடியும். சித்தப்பா உங்களிடம் சொன்னது ஆய்வாளருக்கா, அண்ணன் மகளுக்கா? சம்மதம் கேட்டால் “உனக்கு என்னம்மா, எழுதிக்கோ” என்பார். எழுதியதைப் படித்தால் என்ன சொல்வார் என்பதுதான் கேள்வி. வேறு ஊருக்குப் போங்கள். போனாலும் பெயரை மாற்றுங்கள், தேவைப்பட்டால் ஊரையும் மாற்றுங்கள். மேலே சொன்ன கும்பாப்பேட்டையும் ஸ்ரீபுரமும் அப்படி மாற்றப்பட்ட பெயர்கள்தான். நம் ஊர் சின்னது. “கீழத்தெருவில் இரட்டைக் குழந்தை பெற்ற ஆசிரியை” என்று எழுதினால் பெயர் போடாமலேயே பெயர் போட்ட மாதிரி.

“யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டேன். ஆனா அந்தப் புள்ள சொன்ன விஷயம் பயமா இருக்கு. என்ன பண்றது?”

களப்பணி மாணவர்களிடமிருந்து ராத்திரியில் வரும் போன் இது. ரகசியம் காப்பது பெரியவர்களிடம் பேசும்போது ஒரு விதி. குழந்தைக்குப் பாலியல் தொல்லை நடக்கிறது என்று தெரிந்தால் அந்த விதி நிற்காது. 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். மாணவருக்கும் விலக்கு இல்லை. குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கும் அழையுங்கள், அன்றே துறை ஆசிரியருக்கும் சொல்லுங்கள். குழந்தைத் திருமணம் என்றால் மாவட்ட சமூக நல அலுவலர்தான் தடுக்கும் அதிகாரம் உள்ளவர். 1098 அங்கேயும் உதவும்.

அதனால்தான் பேச்சைத் தொடங்கும் முன்பே பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும்: “நீ சொல்றதை நான் ஊர்ல பேச மாட்டேன். ஆனா உனக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா உதவி பண்றவங்ககிட்ட சொல்வேன்.” சத்தியம் எதுவும் செய்யாதீர்கள். ஏற்கெனவே செய்துவிட்டால், திரும்பப் போய், ஏன் சொல்ல வேண்டியிருக்கிறது என்று அந்தப் பிள்ளையிடமே முதலில் பேசுங்கள்.

“கல்யாணம் ஆகி ரெண்டு புள்ளைங்க. இனிமே படிக்க வழி இருக்கா?”

இருக்கிறது. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் முன்பருவப் பராமரிப்பும் கல்வியும் பற்றிய பட்டயம் உண்டு. ஆலோசனையும் குடும்பச் சிகிச்சையும் என்ற முதுகலையும் நடத்தி வந்தார்கள்; இப்போது சேர்க்கை உண்டா என்று விசாரியுங்கள். தொலைநிலை என்பதற்காகக் களப்பணியில் சலுகை கிடைக்காது, அதற்கு நேரம் ஒதுக்க வேண்டும். பிள்ளை வளர்த்த அனுபவம் உதவும். சில இடத்தில் குறுக்கேயும் நிற்கும். அங்கன்வாடியில் குழந்தை அழுதால் நீங்கள் எழுதுவதை விட்டுவிட்டுத் தூக்கப் போய்விடுவீர்கள்.

“இதைப் படிச்சிட்டு வந்தா வீட்டுல எங்களையே குறை சொல்ல ஆரம்பிச்சிடுவாளோ?”

வலங்கைமானில் ஒரு அம்மா கேட்டார். இரண்டாம் ஆண்டில் கொஞ்சம் அப்படித்தான் இருப்பாள். தம்பியை அடித்தால் ஒரு பெயர் சொல்வாள், அப்பா பேசாமல் இருந்தால் இன்னொரு பெயர் சொல்வாள். மேலே களப்பணிக் கேள்வியில் சொன்ன சிவப்பு மை அப்போது அவளிடம் இருக்காது. பார்த்ததை எழுதுவதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிடும். “சரிடி, சாப்பிட வா” என்று விட்டுவிடுங்கள். மூன்றாம் ஆண்டில் நாலு வீடு ஏறி இறங்கி வந்த பிறகு அந்தப் பேச்சு குறைந்துவிடும். கேள்விகள்தான் கூடும்: உங்கள் கல்யாணம் எப்படி நடந்தது, அப்பாயி ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை, பெரிய மாமா எதற்காக மலேசியாவுக்குப் போனார் என்று. அதற்குப் பதில் சொல்ல நேரம் ஒதுக்கி வையுங்கள்.